புதுக் காரா, பாவித்த காரா? திருகோணமலையில் வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் நமக்குத் தெரிவு என்று ஒன்றும் இருக்கவில்லை. நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. பத்து வருடம் ஓடிய காரை, வாங்கிய விலைக்கு மேலேயே விற்றவர்கள் பலர். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. அன்றிலிருந்து திருகோணமலையில் கார் வாங்க யோசிக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: புதுசு எடுப்பதா, பாவித்தது எடுப்பதா?

வெளிநாட்டு இணையத்தளங்கள் இதற்கு ஒரு ஆயத்தப் பதில் வைத்திருக்கின்றன: புதுக் காரின் மதிப்பு முதல் வருடத்திலேயே விழும், அதனால் மூன்று வருடம் ஓடியதை வாங்குங்கள். இலங்கையில் அது அப்படியே பொருந்தாது. இறக்குமதி நின்ற காலத்தில் இங்கே பதிவான கார்கள் நம் சந்தையில் மிகக் குறைவு. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற விலையில் இருப்பவை பெரும்பாலும் 2020க்கு முன் வந்தவை. அதாவது இங்கே "பாவித்தது" என்றால் ஆறு, எட்டு, பத்து வருடம் ஓடியது. அதை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு, வரலாறு சரிபார்க்கக்கூடிய, இந்த ஊரிலேயே திருத்தக்கூடிய பாவித்த கார்தான் நல்லது. அதுவும் முடிந்தவரை கைக்காசுக்கு. புதுசு சரியாக வருகிற ஆட்களும் உண்டு, அவர்கள் யார் என்று கீழே சொல்கிறேன். வரலாறு தெரியாத கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் யாருக்கும் வேண்டாம்.

படி 1: சந்தையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரங்களில் மூன்று வகை கலந்து கிடக்கும். முதலாவது பிராண்ட் நியூ, தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தது. இரண்டாவது ரீகண்டிஷன், பேச்சு வழக்கில் "அன்ரெஜிஸ்டர்". ஜப்பானில் ஒருவர் ஓடி, ஏலத்தில் விட்டு, இங்கே இறக்கப்பட்டு, இன்னும் இலக்கத்தகடு போடாதது. மூன்றாவது இலங்கையில் பதிவாகி ஓடிய கார்.

இரண்டாவது வகையைத்தான் எங்கள் ஆட்கள் "புதுசு" என்று நினைத்து வாங்குகிறார்கள். இலக்கத்தகடு புதுசு, சீட்டில் பொலித்தீன் இருக்கும், பெயின்ட் மினுங்கும். ஆனால் அதுவும் பாவித்த கார். 2025இல் திறந்த விதிகளின்படி இறக்குமதியாகும் கார் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேற்படக்கூடாது, ஆகவே பழையதாக இருக்காது. என்றாலும் அங்கே விபத்தில் பட்டிருக்கலாம், அதிகம் ஓடியிருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஏலத்தாள் கேளுங்கள். ஒவ்வொரு காருக்கும் ஜப்பான் ஏலக்கூடம் ஒரு தாள் எழுதுகிறது. அதில் மொத்தத் தரம் இலக்கமாக இருக்கும்: 4, 4.5, 5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் ஆங்காங்கே வேலை இருக்கிறது. இலக்கத்துக்குப் பதிலாக ஆர் அல்லது ஆர்.ஏ. என்று எழுத்து இருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்திய கார். உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று தனித் தரம். கீழே காரின் படம் வரைந்து, எந்த இடத்தில் கீறல், எந்த இடத்தில் நெளிவு, எந்தப் பலகை மாற்றியது என்று குறித்திருப்பார்கள். ஓடிய கிலோமீற்றரும் இருக்கும். விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாதீர்கள், பிரதியைத் திருத்துவது கடினமல்ல. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் சிறு கட்டணத்துக்கு மூலத்தாளை எடுத்துத் தருகிற சேவைகள் உண்டு. இத்தனை இலட்சம் கொடுக்கும்போது அந்தக் கட்டணம் ஒரு செலவே இல்லை. தாள் "தொலைந்துவிட்டது" என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

படி 2: உங்கள் ஓட்டத்தைக் கணக்கெடுங்கள்

ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள்? இதற்குப் பதில் தெரியாமல் மாடலைப் பற்றிக் கதைப்பதில் அர்த்தம் இல்லை.

திருகோணமலை நகரத்துக்குள் எல்லாம் கிட்ட. உவர்மலையிலிருந்து சந்தைக்கு, பாலையூற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்க என்று சேர்த்தாலும் பல வீடுகளில் மாதம் 300 கிலோமீற்றர் வராது. அப்படியானவர்கள் ஒரு தடவை நேர்மையாக யோசிக்க வேண்டும். முச்சக்கரவண்டிக்கும், கொழும்புப் பயணத்துக்கு வாடகை வானுக்கும் வருடம் எவ்வளவு போகிறது? காரின் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சர்வீஸ், ரயர் எல்லாம் வருடம் எவ்வளவு? வயதான தாய் தகப்பன் வீட்டில் இருந்தால் இரவு நேர ஆஸ்பத்திரிப் பயணத்துக்காகவே கார் வேண்டும், அதைக் காசால் அளக்க முடியாது. அந்தத் தேவை இல்லாதவர்கள் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

குறுகிய ஓட்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஒயிலில் ஈரம் தங்கும், பற்றரி முழுதாகச் சார்ஜ் ஏறாது. டீசல் கார் இதற்கு ஒத்துவராது. சிறிய பெற்றோல் கார் போதும்.

அடுத்த வகை, நாளாந்தம் வெளியே போகிறவர்கள். நிலாவெளி ஹோட்டலில் வேலை, குச்சவெளியில் பாடசாலை, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூரில் அலுவலகம், கந்தளாயில் வங்கி. இவர்கள் மாதம் 1,000 முதல் 2,000 கிலோமீற்றர் ஓடுவார்கள். எரிபொருள் சிக்கனம் இவர்களுக்குத்தான் உண்மையான காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 1,000 கிலோமீற்றர், ஒரு கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது, இன்னொன்று 20. முதலாவதுக்கு 83 லீற்றர், இரண்டாவதுக்கு 50. லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய் மிச்சம், ஐந்து வருடத்தில் 6 இலட்சம். அதே ஆள் மாதம் 300 கிலோமீற்றர்தான் ஓடுகிறார் என்றால் ஐந்து வருட மிச்சம் 2 இலட்சம்கூட வராது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஹைபிரிட்டுக்கு (பெற்றோல் எஞ்சினோடு பற்றரி மோட்டாரும் சேர்ந்த கார்) அதிக விலை கொடுக்கலாமா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

படி 3: மாதக் கணக்கு, ஐந்து வருடக் கணக்கு

இறக்குமதிக் காரின் விலையில் பெரும் பங்கு வரி. எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி கூடும், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. சிறிய எஞ்சின் கார்கள் இங்கே இவ்வளவு விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரி நம் கையில் இல்லை. லீசிங் நம் கையில் இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் மினக்கெடுவோம்.

எவ்வளவு தொகைக்கு லீசிங் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைக்கிறது. 2025 ஜூலையில் தனியார் கார்களுக்கு அதை வாகனப் பெறுமதியில் 60 சதவீதம் என்று வைத்தார்கள். இது அவ்வப்போது மாறும், வாங்கும் நாளில் என்ன நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் பெரிய முற்பணம் இல்லாமல் புதுக் கார் இல்லை.

உதாரணத்துக்கு உங்களிடம் 40 இலட்சம் இருக்கிறது, புதுக் கார் 80 இலட்சம். மீதி 40 இலட்சத்தை ஐந்து வருடத்துக்கு, குறைந்துவரும் மீதிக்கு (கட்டக் கட்ட மிஞ்சியிருக்கும் கடனுக்கு மட்டும்) 13 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 91,000 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 14 இலட்சத்துக்கு மேல். அதோடு லீசிங் முடியும் வரை முழுக் காப்புறுதி கட்டாயம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு ஓட விடமாட்டார்கள்.

வட்டி கேட்கும்போது ஒரு விடயத்தில் கவனம். சில இடங்களில் "8 சதவீதம்தான்" என்று சொல்வார்கள். அது பிளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டு வந்தாலும், வட்டி முதல் நாள் தொகைக்கே கடைசிவரை போடப்படும். 40 இலட்சத்துக்கு ஐந்து வருடம் 8 சதவீத பிளாட் என்றால் வட்டி 16 இலட்சம், தவணை 93,000 ரூபாய்க்கு மேல். இது குறைந்துவரும் மீதிக்கு ஏறக்குறைய 14 சதவீதத்துக்குச் சமம். ஆகவே வட்டி வீதத்தைக் கேட்டு ஒப்பிடாதீர்கள். "மொத்தமாக எத்தனை ரூபாய் கட்டி முடிப்பேன்? நடுவில் முடித்தால் என்ன பிடிப்பீர்கள்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள்.

இப்போது மற்றப் பக்கம். அதே 40 இலட்சத்தில் 34, 35 இலட்சத்துக்கு ஒரு பாவித்த கார், மீதி 5 இலட்சம் திருத்த வேலைக்கு ஒதுக்கி வைக்கிறீர்கள். முதல் வருடத்தில் நான்கு ரயர், பற்றரி, பிரேக், சஸ்பென்சன் புஷ், ஏ.சி. வேலை என்று அந்தக் காசில் ஒரு பகுதி போகத்தான் செய்யும், அதற்காகத்தான் அதை ஒதுக்கினோம். அதன் பிறகு மாதம் 91,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கிறது. பாவித்த கார் வாங்கி நொந்துபோனவர்களில் பலர், கையிலிருந்த எல்லாவற்றையும் விலையிலேயே போட்டு, திருத்தக் காசு வைக்காதவர்கள். விலையில் ஏழில் ஒரு பங்காவது ஒதுக்க முடியாவிட்டால் இன்னும் மலிவான காரைப் பாருங்கள்.

படி 4: யாருக்குப் புதுசு சரி

தினமும் தூரம் ஓடி, கார் ஒரு நாள் நின்றால் வருமானமே நிற்கும் ஆட்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே காரை வைத்திருப்போம் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள். லீசிங் இல்லாமல், அல்லது சிறு லீசிங்கோடு வாங்க முடிந்தவர்கள். கார் பற்றி ஒன்றும் தெரியாது, நம்பிக்கையான மெக்கானிக்கும் இல்லை, தனியாக ஓடும் பெண்பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறோம் என்கிற பெற்றோர். இவர்களுக்குப் புதுசுதான் நல்லது, தயங்கத் தேவையில்லை.

ஆனால் உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். உற்பத்தியாளரின் அதிகாரபூர்வ முகவரிடம் வாங்கினால் ஒரு விதம், தனி இறக்குமதியாளர் கொண்டுவந்து தன் சொந்த உத்தரவாதம் தந்தால் இன்னொரு விதம். முகவரின் சேவை நிலையம் திருகோணமலையில் இல்லையென்றால், ஒவ்வொரு சர்வீசுக்கும் அனுராதபுரமோ குருநாகலோ கொழும்போ போக நேரிடும். கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அளவு. ஒரு நாள் சம்பளம், எரிபொருள், சாப்பாடு எல்லாம் உத்தரவாதத்தின் விலையில் சேர்கிறது. வெளியில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் செல்லுமா என்றும் வாங்கும்போதே கேளுங்கள்.

படி 5: இங்கே திருத்தக்கூடிய மாடல்

மாடலைத் தெரிவுசெய்ய என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அனுராதபுரச் சந்திப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜுக்குப் போங்கள். நீங்கள் நினைக்கும் மாடலைச் சொல்லி, "இதற்குச் சாமான் எங்கே எடுப்பீர்கள்? எத்தனை நாளில் வரும்?" என்று கேளுங்கள். வேகன் ஆர், ஆல்டோ, விட்ஸ், அக்சியோ, அக்வா என்றால் பதில் உடனே வரும். பதில் சொல்லத் தயங்கினால் அந்த மாடல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் இந்த ஊருக்குச் சரிவராது.

சில குறிப்புகள். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் ஹைபிரிட் பற்றரியைக் குளிரவைக்கும் காற்றுத் துவாரம் பின்சீட்டுப் பக்கம் இருக்கிறது. அதில் தூசியும் தலைமயிரும் அடைத்தால் பற்றரி சூடாகிச் சீக்கிரம் சாகும். கச்சான் அடிக்கிற மாதங்களில் நம் ஊர் வெக்கை போதாதென்று இதுவும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. வாங்க முன் பற்றரியை ஸ்கேன் செய்து ஒவ்வொரு தொகுதியின் வோல்டேஜையும் பாருங்கள். ஜப்பான் வேகன் ஆர் ஹைபிரிட் வகைகளில் முன்சீட்டின் கீழே சிறிய லித்தியம் பற்றரி உண்டு. தண்ணீர் போன கார் என்றால் முதலில் கெடுவதில் அதுவும் ஒன்று. ஹொண்டா பிட் ஜி.பி.5 இன் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ் விடயமாக 2013, 2014இல் ஜப்பானிலேயே பல தடவை கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். அதை வாங்குகிறவர், கியர் விழும்போது உதறுகிறதா என்று நெரிசலில் மெதுவாக ஓடிப் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கார் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வீட்டில் சூரியத் தகடு இருந்து, ஓட்டம் நகரத்துக்குள் என்றால் மிக நல்ல தெரிவு. ஆனால் பழைய நிசான் லீஃப் வாங்குவதானால் கவனம். அதன் பற்றரிக்குத் தண்ணீரால் குளிரூட்டும் அமைப்பு இல்லை, வெப்பமான ஊரில் விரைவாகத் தேயும். மீற்றரில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகள் இருக்கும், எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். கந்தளாய் போய் வரவாவது தாங்குமா என்று ஏ.சி. போட்டு ஓடிப் பார்த்தபிறகு விலைபேசுங்கள்.

படி 6: கடதாசிகள்

கார் பிடித்ததா? இன்னும் கிட்டப் போக வேண்டாம். முதலில் கடதாசி.

சி.ஆர். என்று சொல்லும் பதிவுச் சான்றிதழில் இருக்கிற பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா? தயாரிப்பு ஆண்டு என்ன, பதிவு ஆண்டு என்ன? 2014இல் தயாரித்து 2017இல் பதிவானதை "17 மாடல்" என்று சொல்லி விற்பார்கள். விலை தயாரிப்பு ஆண்டுக்கே பேசப்பட வேண்டும். சேசிஸ், எஞ்சின் இலக்கங்களைச் சான்றிதழில் இருந்து எழுதிக்கொண்டு போய் வாகனத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

முழு உரிமையாளர் என்ற இடத்தில் வங்கியின் அல்லது லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தக் கார் விற்பவருக்கு முழுதாகச் சொந்தமில்லை. கடன் கட்டி முடித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமும் மூலச் சான்றிதழும் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரங்களைப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகிற ஒரு சிக்கல், உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பது. இங்கே தம்பியோ மச்சானோ விற்பார். அவரிடம் முறையாகப் பதிவான அற்றோர்ணித் தத்துவம் இருக்கிறதா, அதில் வாகனத்தை விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் கதைத்தது அதற்கு ஈடாகாது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுக் கடதாசிகள் முடியும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

"ஓப்பன் பேப்பர்" காரைத் தொடாதீர்கள். முந்தைய ஆள் கையெழுத்து வைத்த மாற்றப் படிவத்தோடு மூன்று நான்கு கை மாறி வந்த கார் அது. அந்த முதல் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டி வரும் நாளில் அவர் உயிரோடு இருப்பாரோ தெரியாது. சட்டப்படி கார் இன்னமும் அவர் பெயரில்தான்.

படி 7: காரைப் பார்ப்பது

வெளிச்சமான பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். நனைந்த காரில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. விற்பவருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள்: "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் வரும் புகையும் சத்தமும் மறைந்துவிடும். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள்.

நம் ஊரில் முதலாவது எதிரி உப்பு. திருக்கடலூர், மனையாவெளி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலை ஒட்டி நிறுத்திய கார் வெளியே பளபளத்தாலும் அடியில் அரித்திருக்கும். பாய் ஒன்றை விரித்துப் படுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள்: சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் கீழ்ச் சட்டம், சைலன்சர் குழாய், பிரேக் எண்ணெய்க் குழாய்கள், சஸ்பென்சன் உடம்போடு பூட்டும் இடங்கள். மேலோட்டமான துருவைத் துடைத்துப் பூசலாம். திருகாணிமுனையால் தட்டும்போது தகடு உதிர்ந்தால் அதைத் திருத்திக் கட்டுபடியாகாது. அடி முழுக்க அன்றுதான் அடித்த மாதிரிக் கறுப்பு அண்டர்கோட் இருந்தால், எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனியும் மகாவலியும் பெருகின. கொழும்பின் புறநகர், கம்பஹா, கண்டிப் பக்கம், நம் மாவட்டத்தில் மகாவலிக் கரையூர்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. அங்கே மூழ்கிய கார்கள் கழுவிக் காயவைத்து வேறு ஊர்களில் விலைப்படக்கூடும், ஆகவே இதை ஒவ்வொரு காரிலும் பார்க்க வேண்டும். உவர்மலையடியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணை காரைப் பார்க்க வந்தால் எஞ்சின் பக்கமே போகமாட்டார். நேரே கதவைத் திறந்து முன்சீட் பெல்ட்டைப் பிடித்து இழுப்பார். "தம்பி, முழுசா இழுங்கோ, கடைசி வரை" என்பார். தினமும் வெளியே வருகிற பகுதி சுத்தமாகத்தான் இருக்கும். சுருளின் அடியில் கிடக்கும் கடைசி ஒரு சாண் பட்டியில்தான் மண்நிறக் கோடு தெரியும். பிறகு அந்த இடத்தை மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். சீட்டையும் கார்பெட்டையும் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. அதோடு சீட் பூட்டிய தண்டவாளத்தின் துரு, ஸ்பெயார் ரயர் குழி, பியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செப்பு, முன்விளக்குக்குள் நீர்க்கறை எல்லாம் பாருங்கள். வெள்ளக் காரின் மின்சாரக் கோளாறு இன்று இல்லாவிட்டால் அடுத்த மாரியில் வரும். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது விபத்து. பொனட், கதவு, டிக்கி பிணைச்சல்களின் போல்ட் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்து, உள்ளே தொழிற்சாலை வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பனி முத்திரை இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கத்தை வடிவாகப் பாருங்கள்.

கிலோமீற்றர் மீற்றரை நம்பவே வேண்டாம். பிரேக் மிதிப்பலகையின் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம், ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம், பழைய சர்வீஸ் பில்கள், இவை சொல்வதை நம்புங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் பழைய ரயரை மாற்றத்தான் வேண்டும், விலையில் கழியுங்கள். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே பால்நிறப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஒயிலோடு கலப்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், குறுகிய ஓட்டத்தாலும் வரும், மெக்கானிக் பிரித்துச் சொல்வார்.

மெக்கானிக்கைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் நாளுக்குரிய காசைக் கொடுத்து. விற்பவர் சொன்ன மெக்கானிக் வேண்டாம், காரை விற்றுக் கமிஷன் பெறும் மெக்கானிக்கும் வேண்டாம். கணினி ஸ்கேன் ஒன்றும் செய்யுங்கள். கோளாறுக் குறியீடுகளை அன்று காலையில்தான் அழித்திருந்தால் அதுவும் பல ஸ்கேனர்களில் தெரியும்.

படி 8: ஓடிப் பார்ப்பது

அரை மணித்தியாலமாவது ஓடுங்கள். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், கியர்பொக்ஸ் வழுக்கினால் அங்கே தெரியும். நிலாவெளி வீதியில் நேராக ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா? வெறும் காணி ஒன்றில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் முன் அக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. ரயில் கடவையில் மெதுவாக ஏறி இறங்கினால் சஸ்பென்சன் பதில் சொல்லும். ரேடியோவை நிறுத்தி வையுங்கள். ஏ.சி.யை மத்தியான வெயிலில், கார் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் போடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாக வந்தால் வேலை இருக்கிறது.

படி 9: விலையும் பெயர் மாற்றமும்

இணைய விளம்பரங்களில் அதே மாடல், அதே தயாரிப்பு ஆண்டுக் கார்களைத் தேடி நடுவிலை என்ன என்று குறித்துக்கொண்டு போங்கள். மிக மலிவானதற்கு ஒரு காரணம் இருக்கும். கண்ட குறைகளைத் திருத்தும் செலவோடு எழுதி நீட்டினால் பேச்சு இலகு. கொழும்பில் வாங்கினால் விலை கொஞ்சம் குறையலாம், தெரிவும் அதிகம். ஆனால் பிரச்சினை வந்தால் திரும்பிப் போய்ப் பேச முடியாது. உள்ளூரில் விற்பவரின் வீடு வாசல் தெரியும், அந்தக் காரை ஊரில் ஓடியபோது பார்த்தவர்கள் இருப்பார்கள். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பணத்தை வங்கி மூலமாக மட்டும் கொடுங்கள். முற்பணம் கொடுத்தால் வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், முழு விலை, கடதாசி சரியில்லாவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வரி எல்லாவற்றோடும் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். உரிமை மாற்றத்துக்கு விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவத்தில் கையெழுத்திடுவார், நீங்கள் எம்.டி.ஏ. 8 நிரப்ப வேண்டும். மூலச் சான்றிதழ், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி எல்லாவற்றையும் அன்றே கையில் வாங்குங்கள். சாவி இரண்டையும் கேளுங்கள். பெயர் மாற்றத்தை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விடாதீர்கள். படிவம் ஏதும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் முழுதாக வாசித்துச் சொன்னபிறகு கையெழுத்து வையுங்கள்.

காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் விபத்தில் இழப்பீடு சிக்கலாகும், காரை வீட்டுக்குக் கொண்டுவர முன்னரே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். முதல் கிழமையில் எஞ்சின் ஒயில், வடிகட்டிகள், கூலண்ட், பிரேக் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றி, மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பில்களையும் அதற்குள்ளேயே வையுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவர் கேட்கப்போவதும் அதைத்தான். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் அடிப்பக்கத்தைக் கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். மாரி தொடங்க முன், ஐப்பசிக்குள், துருத் தடுப்பு ஒரு தடவை அடித்துவிடுங்கள்.